ஐயாவுக்காகப் பதில் சொன்ன பெட்டி

பெர்னார்ட் வந்த வேனின் பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் 'நவீனத் தொடர்பு நிபுணர்கள், ஈப்போ' என்று இருந்தது. தங்கள் வண்டிக் கதவையே சேர்த்து மூட முடியாத நிறுவனம், ஒரு முழுத் தோட்டத்தையும் கம்பியில்லாமல் சேர்த்து வைக்கப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தது. எங்கள் தொரையும் நம்பிவிட்டார்.

எண்பத்தாறாம் வருடக் கடைசி, மழைக்காலம். கோலா கங்சார் சாலையிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே திரும்பினால் எல்டன் தோட்டம். ரப்பரில் பாதியைச் சாய்த்துச் செம்பனை நட்டிருந்தார்கள். மீதிப் பாதி தன் முறைக்காகக் காத்து நின்றது. நான் அங்கே சின்னக் கிராணி, ஆபீஸில் கணக்கெழுதுகிறவன். ஈப்போவில் கல்லூரிப் படிப்பை முடித்ததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை அது. பெர்னார்ட் சின்ன வயதிலிருந்தே என்னோடு படித்தவன். அவனுக்குக் கிடைத்த தண்டனை அந்த வேன்.

"மச்சான், எங்கலா அந்தப் பங்களா?" என்றான், கழுத்தை வெளியே நீட்டி.

குன்றைக் காட்டினேன்.

வெள்ளைக்காரத் தொரைகள் வாழ்ந்த வீடு. பழனியப்பன் தொரை அதில் குடியேறவில்லை. அவர்தான் எங்கள் தோட்டத்தின் முதல் தமிழ்த் தொரை. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன தொப்பியும் கோபமும் அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின. வீடு மட்டும் பொருந்தவில்லை. கூரை ஒழுகுகிறது என்பார். அந்தக் கூரை ஒருநாளும் ஒழுகியதில்லை. ஆனால் தோட்டத்தில் உயரமான இடம் அது ஒன்றுதான், வயர்லெஸ் பெட்டி அங்கே இருந்தால்தான் எல்லா மூலைக்கும் எட்டும் என்று விற்பனைக்காரன் சொல்லிவிட்டான்.

பூட்டைத் திறந்ததும் வௌவால் வாசம் முகத்தில் அடித்தது. அதன் பின்னால் நனைந்த மரத்தின் வாசம். ஜன்னல்களை மூடியே வைத்திருந்ததால் பட்டப்பகலிலும் உள்ளே சாயங்காலமாக இருந்தது. பலகைத் தரை, நாங்கள் நடந்து நின்ற பிறகும் சற்று நேரம் நடந்தது.

"மரம் பழசு," என்றான் பெர்னார்ட்.

"ஆமா," என்றேன். படித்தவர்கள் இருவர் ஒரே முடிவுக்கு வந்தோம்.

கூரையில் கம்பத்தைக் கட்டி, மேசைமேல் பெட்டியை வைத்தான். ஜப்பானில் செய்தது. முகப்பில் பச்சை எழுத்து தெரியும் சின்னக் கண்ணாடி, பக்கத்தில் பொத்தான்கள். இதோடு பேச வாக்கி-டாக்கிகள்: தொரைக்கு ஒன்று, பெரிய கிராணிக்கு ஒன்று, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர்கள் ஆளுக்கொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நம்பரை அமுக்கினால் அந்த ஆளுடைய செட்டு மட்டும் பீப் என்று கூப்பிடும்.

"இத அமுக்குனா செட்டிங்குக்குள்ள போவும்," என்று எனக்குப் பாடம் எடுத்தான். "மொதல்ல சேனல். அதுக்குள்ள போனா பவரு. இன்னும் உள்ள போனா, யார் யார் வரலாம்னு நம்பரு. நாம சேர்க்காத செட்டு உள்ள வரவே முடியாது லா."

"பூட்டு ஏதும் இருக்கா?"

"இருக்கே. நாலு பூஜ்யம்."

"அது கம்பெனியிலேயே போட்டு அனுப்புனதுதானே?"

"மாத்துனா ஒங்க தொரை மறந்துருவாரு. அப்புறம் நான்தான் ஓடி வரணும்."

உலகத்தில் இருந்த அத்தனை பெட்டிகளுக்கும் பொதுவான சாவியால் எங்கள் தோட்டத்தைப் பூட்டிவிட்டு, அவன் கையைத் தட்டிக்கொண்டான்.

மறுநாள் சோதனை. தொரை தன் வாக்கி-டாக்கியை எடுத்து மண்டோர் ஐயாவுவின் நம்பரை அமுக்கினார். ஐயாவு ஆற்றோரக் காட்டில் நின்றார். பீப் போனது. பதில் இல்லை. மறுபடி அமுக்கினார். இல்லை. தொரையின் காது சிவந்தது. இன்னொரு முறை அமுக்கியதும், "சொல்லுங்க தொர," என்று ஐயாவுவின் குரல் பணிவாக வந்தது.

"செவிடா நீ?"

"இல்லீங்க தொர. மொத தடவையே கேட்டுச்சு."

அதுதான் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயங்களின் வழக்கம். பொழுது சாய்ந்த பிறகோ விடியுமுன்னோ வெளியிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், உடனே வாய் திறக்கக் கூடாது. இரண்டாவது முறையும் கூடாது. மூன்றாவது முறையும் கூப்பிட்டால் அது மனிதன். நாளடைவில் இந்த எச்சரிக்கை பகலுக்கும் பரவிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டாலும் மூன்று முறை. கல்யாண மேடையில் தாலியைக் கட்டச் சொன்னாலும் எங்கள் ஊர் மாப்பிள்ளை மூன்றாவது முறைதான் அசைவான்.

காரணம் ராமையா. வெள்ளைக்காரன் காலத்தில் குன்றிலிருந்து லயத்து ஆட்களைக் கூப்பிடுவதற்கென்றே வைத்திருந்த ஆள். பங்களா முற்றத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்துப் பெயரைச் சொல்லிக் கத்துவார். ஒரு பெயரை ஒரு முறைதான் சொல்வார். இரண்டாம் முறை சொல்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்று மழையில் மரம் முறிந்து அவர்மேல் விழுந்தது. வெள்ளைக்காரத் தொரை தைப்பிங்கில் கிளப்புக்குப் போயிருந்தார். ராமையா மரத்தடியில் கிடந்தபடி லயத்து ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். லீவு நாளிலும் தொரை வேலைக்கு இழுக்கிறார் என்று நினைத்து ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. மறுநாள் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரிசையில் நின்றபோது, பெயர் கூப்பிடும் சத்தம் வராததால்தான் மேலே போய்ப் பார்த்தார்கள்.

அதன்பின் பொழுது சாயும் நேரத்தில் குன்றிலிருந்து ஒரு பெயர் வருமாம். ஒரே முறை. பதில் சொன்ன இரண்டு பேர் குன்றேறிப் போனார்களாம். இறங்கி வரவில்லையாம்.

ஒரு மனிதனைச் சாகவிட்ட வெட்கத்தைச் சம்பிரதாயமாக மாற்றிக்கொண்டார்கள் என்பது என் கருத்தாக இருந்தது. கல்லூரியில் படித்தவனிடம் வேறு எது இல்லாவிட்டாலும் கருத்து இருக்கும்.

தொரைக்குக் கருத்தெல்லாம் கிடையாது, உத்தரவுதான். "இந்த போடோ, மடப்பய கூட்டத்துக்காக நான் மூணு தடவ அமுக்கணுமா? பெர்னார்ட், வேற வழி இல்லையா?"

இருந்தது. செட்டிங்கின் அடியாழத்தில் ஒன்று. அதைப் போட்டுவிட்டால் ஆள் பொத்தானைத் தொடவே வேண்டாம். கூப்பிட்ட மறுநொடியே செட்டு தானாக டிங் என்று பதில் அனுப்பி, மைக்கையும் திறந்துவிடும்.

"அப்ப நாங்க வாயத் தெறக்காமயே நாங்க பதில் சொன்ன மாதிரியா?" என்று கேட்டார் ஐயாவு.

"அதான் வசதி அண்ணே," என்றான் பெர்னார்ட்.

ஐயாவு தன் வாக்கி-டாக்கியை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார், பிறர் வீட்டுக் குழந்தை மடியை நனைத்துவிட்டதுபோல.

அன்று மாலை ஆபீஸ் வராந்தாவில் நாங்கள் மூவர்தான் இருந்தோம். மழை விட்டு, கூரைத் தகரம் சொட்டிக்கொண்டிருந்தது. ஐயாவு தன் செட்டைச் சார்ஜ் ஏற்ற மேசைமேல் வைத்தார். தொரை ஈப்போவுக்குப் போயிருந்தார். பெரிய கிராணி லீவு. பங்களா பூட்டியிருந்தது. சாவி பெர்னார்டின் சட்டைப்பையில்.

ஐயாவுவின் செட்டு பீப் என்றது.

டிங்.

யாரும் அதைத் தொடவில்லை.

முதலில் மழைச் சத்தம் வந்தது. எங்களிடம் மழை நின்று வெகுநேரமாகியிருந்தது. பிறகு மூச்சு. நெஞ்சின்மேல் கனமான ஏதோ கிடக்கும்போது மனிதன் விடும் மூச்சு.

"ஐயாவு."

அவ்வளவுதான். ஒரே முறை.

பெர்னார்ட் சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை. "பக்கத்துத் தோட்டத்துச் சிக்னலா இருக்கும்..."

"பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கு அண்ணன் பேரு எப்படிலா தெரியும்?" என்றேன்.

ஐயாவு சுவரோடு ஒட்டி நின்றார். "நான் சொல்லலடா தம்பி. சாமி சத்தியமா நான் வாயத் தெறக்கல. அதுதான் சொல்லுச்சு." பிறகு மிகவும் தணிந்த குரலில், "அன்னிக்கும் கூப்பிட்டாரு. அந்த ஞாயித்துக்கெழம. என் பேரத்தான் கடைசியாக் கூப்பிட்டாரு. நான் போர்வைய இழுத்து மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன்" என்றார்.

அவர் மனைவி மங்களம் விஷயம் கேட்டு லயத்திலிருந்து ஓடி வந்தார். பெர்னார்டின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"பதில் சொன்னது யாரு?"

"பெட்டிதான் அக்கா."

"யாரு பேருக்கு?"

பெர்னார்ட் ஐயாவுவைப் பார்த்தான்.

"எடு. அவரு பேர அதுலேருந்து எடு. கூப்புட்டா கூப்புட்டுட்டுப் போவட்டும். பதில் சொல்ல நீ யாருடா?"

மறுநாள் மத்தியானம் பெர்னார்டும் நானும் குன்றேறினோம். கருமேகம் இறங்கி, கூரைக் கம்பம் காற்றில் முனகிக்கொண்டிருந்தது. பெட்டியின் கண்ணாடியில் கடைசியாக வந்த அழைப்பு பச்சையில் நின்றது: பூஜ்யம், மூன்றைக் கூப்பிட்டது. மூன்று, பதில் சொன்னது.

மூன்று ஐயாவு.

"பூஜ்யம்னு நான் யாருக்குமே குடுக்கல," என்றான் பெர்னார்ட்.

நாலு பூஜ்யத்தைப் போட்டுச் செட்டிங்குக்கு உள்ளே போனான். பூஜ்யத்தை அழித்தான். வெளியே வந்து பார்த்தான். இருந்தது. மறுபடி உள்ளே போய்த் தானாகப் பதில் சொல்வதை நிறுத்தினான். வெளியே வந்தான், திரும்ப உள்ளே போனான். அது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டு நம்பரை மாற்றினான். பெட்டி பணிவாக ஏற்றுக்கொண்டது. அடுத்த முறை புது நம்பரை மறுத்துவிட்டு, பழைய நாலு பூஜ்யத்துக்கே திறந்தது.

எங்களுக்குப் பின்னால் பலகைத் தரை நடக்க ஆரம்பித்தது.

நாங்கள் இருவரும் நின்ற இடத்தில்தான் நின்றோம்.

நடை ஜன்னல்வரை போனது. அங்கே நின்றது, கீழே லயங்கள் தெரியும் பக்கமாக.

"மச்சான், ஒண்ணே ஒண்ணு கேக்குது," என்று கிசுகிசுத்தான் பெர்னார்ட். விரல்கள் பொத்தான்களை அமுக்கிக்கொண்டே இருந்தன. "ஆள மாத்துனா எடுத்துக்குது. மூணாம் நம்பர ஐயாவு அண்ணன்கிட்டேருந்து வேற ஆளுக்கு மாத்தலாம். காலியா மட்டும் வுடமாட்டேங்குது."

"யாருக்கு மாத்துறது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு, பதினைந்து வருட நட்புக்கு மரியாதை கொடுத்து, வெளியே ஓடினோம்.

ஈப்போவிலிருந்து திரும்பிய தொரை எல்லாவற்றையும் கேட்டார். ஐயாவு செட்டைத் தொடமாட்டேன் என்றார். தொடாவிட்டால் வேலையும் இல்லை, லயத்து வீடும் இல்லை, வாரக் கடைசிக்குள் காலி செய் என்றார் தொரை. மங்களம் அக்கா அவர் காலில் விழுந்தார். தொரை தன் பூட்ஸைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், அழுக்காகிவிடுமோ என்று.

பெர்னார்ட்தான் வழி சொன்னான். "சார், மூணாம் நம்பர நீங்க வச்சுக்குங்க. ஐயாவு அண்ணனுக்கு ஒங்க நம்பர். எல்லாருக்கும் சுசா, தொல்லை இல்லாமப் போவும்."

தொரை சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவ்வளவு நாள் சிரிக்காததற்காக அவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

"கிவ் இட் டு மீ," என்றார். "நாளைக்குப் பெரட்டுல வச்சு இந்தப் பேய முடிச்சு வக்கிறேன்."

தானே மேலே போய், பெர்னார்ட் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, தன் கையாலேயே மாற்றினார்.

மறுநாள் பெரட்டு. விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. மூடுபனிக்குள் குழல்விளக்கு எரிந்தது. ஆட்கள் வாளியும் கத்தியுமாக வரிசையில் நின்றார்கள். தொரை இடுப்பில் செட்டைச் செருகிக்கொண்டு எதிரே நின்றார். ஐயாவு முன்வரிசையில். மங்களம் அக்கா அவருக்கு அடுத்து.

தொரை பேச வாய் திறந்தார்.

பீப்.

டிங்.

மழைச் சத்தம்.

வரிசையில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. நெஞ்சில் கனத்தோடு அந்த மூச்சு மட்டும் தொரையின் இடுப்பிலிருந்து வந்தது.

"ஐயாவு."

நம்பர் மாறியது அதற்குத் தெரிந்திருக்கவில்லை. அல்லது, பெயர் கூப்பிடுகிறவனுக்கு நம்பர் எதற்கு?

தொரை செட்டை எடுத்து வாயருகே வைத்தார். எல்லாரும் பார்க்கிறார்களா என்று ஒரு முறை சரிபார்த்துக்கொண்டார்.

"ஐயாவு இங்கதான் இருக்கான். நான் கூட்டிட்டு வாரேன். ஓவர்."

மங்களம் அக்கா ஓலமிட்டார்.

"ஏறு வண்டியில," என்றார் தொரை ஐயாவுவிடம். "மேல போயி உள்ள யாரு ஒக்காந்திருக்கான்னு பாத்துட்டு வரலாம்."

ஐயாவு அசையவில்லை. மங்களம் அக்கா இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "வீட்ட எடுத்துக்குங்க தொர. இவர வுட்டுருங்க."

"மடையனுங்க," என்றார் தொரை. லேண்ட்ரோவரில் தனியாக ஏறிக் குன்றை நோக்கிப் போனார். வண்டி விளக்கு ஒவ்வொரு வளைவிலும் தெரிந்தது. மேலே போய் நின்றது. அணைந்தது.

விடிந்த பிறகும் அவர் இறங்கவில்லை. நானும் பெர்னார்டும் போனோம். தைரியம் எல்லாம் கிடையாது, பெரிய கிராணி போகச் சொன்னார், அவ்வளவுதான்.

தொரை பெட்டிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் வயர் பிடுங்கிக் கிடந்தது. தலை முதல் பூட்ஸ்வரை அவர் நனைந்திருந்தார். அன்று காலை மழையே இல்லை.

எங்களைப் பார்த்ததும் எழுந்து கத்தினார்.

கத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும். வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, விரல் ஆடியது. சத்தம் மட்டும் வரவில்லை. மூச்சுச் சத்தம்கூட. எங்கள் தோட்டத்தில் அவர் பேசியதிலேயே நல்ல பேச்சு அதுதான் என்று நினைத்தேன். அதை இன்றுவரை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அதை நினைத்தபோதே கதவுவரை பின்வாங்கியிருந்தேன்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார்கள். குரல் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை என்று மட்டும் ஒரு டாக்டர் சொன்னாராம். பெர்னார்ட் பெட்டியை இறக்கி, கம்பத்தைக் கழற்றி, வாக்கி-டாக்கிகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு, கயிறு கட்டிய கதவோடு போய்ச் சேர்ந்தான். புதுத் தொரை வரும்வரை பெரிய கிராணியே பார்த்துக்கொள்வார் என்று கம்பெனி அறிவித்தது. ஐயாவுக்கு வேலையும் இருந்தது, வீடும் இருந்தது.

அந்த வாரம் ஒருநாள் பொழுது சாயும்போது ஐயாவு என்னைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டார், மூன்று முறை. அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். மங்களம் அக்கா உள்ளே மீன் பொரித்தார். ஐயாவு பல நாளைக்குப் பிறகு சிரித்தார்.

"பெட்டி போச்சு, பீடையும் போச்சு. நான் கமுந்திங்குக்குப் போயிரலாம்னு இருந்தேன் தம்பி. அங்க பேக்டரில ஆள் எடுக்குறானாம். இனிமே எதுக்கு?"

குன்றின்மேல் இருள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயாவு."

மேலே இருந்து வந்தது. பெட்டி இல்லை, கம்பம் இல்லை, வெறும் காற்றில். மூச்சு முட்டும் குரல் இல்லை அது. அதிகாரமான குரல், மூக்கால் பேசும் குரல், தமிழை வேண்டாவெறுப்பாகத் தொடும் குரல். லயம் முழுவதற்கும் அந்தக் குரல் தெரியும். அந்தக் குரலுக்கு உரியவர் ஈப்போவில், ஜன்னலோரக் கட்டிலில், வாயை அசைத்துக்கொண்டு கிடந்தார்.

லயத்தில் எல்லா வீட்டுச் சத்தமும் நின்றது. எண்ணெய்ச் சட்டி மட்டும் இரைந்தது.

"சும்மா இருங்க," என்று உள்ளிருந்து கிசுகிசுத்தார் மங்களம் அக்கா. "ஒரு தடவதான் கூப்புடும். சும்மா இருங்க."

ஐயாவு தலையை ஆட்டினார்.

"ஐயாவு!"

ராமையா ஒருநாளும் இரண்டாம் முறை கூப்பிட்டவர் இல்லை. கூப்பிட மாட்டேன் என்பதுதான் அவர் கௌரவம். ஆனால் பழனியப்பன் தொரை கௌரவம் பார்க்கிறவர் அல்ல. ஆள் வரும்வரை கூப்பிடுவார்.

மங்களம் அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஐயாவு எழுந்து நின்றிருந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்தார், தொரைமார் முன்னால் நிற்கும்போது கட்டுவதுபோல. எப்போது கட்டினார் என்று நான் பார்க்கவில்லை. அக்கா அவரைச் சுவரோடு தள்ளி, இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார்.

"தம்பி, கதவச் சாத்து!"

சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டேன். என் முதுகையும் கொடுத்து நின்றேன்.

வெளியே நிசப்தம். நாய்கூட இல்லை.

மூன்றாவது முறை அது கத்தவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், என் முதுகுக்கு ஒரு பலகை தூரத்தில், பொறுமையாகச் சொன்னது.

"ஐயாவு."

மங்களம் அக்காவின் விரல்களுக்கு நடுவிலிருந்து, பிறந்ததிலிருந்து பழகிய மரியாதையோடு, பதில் வந்தது.

"தோ வாரேன் தொர."